சொல்வதை எழுதுபவன்

கமா என்று அமலி அக்கா சொன்னாள், கமா போட்டேன். அடுத்த பத்தி என்றாள், இரண்டு விரல் உள்ளே தள்ளி ஆரம்பித்தேன். இப்படியே மூன்று மணி நேரம் போய்விட்டது. ஒரு மணிக்கு அடித்த மணியோடு மற்ற ஹால்களில் பேப்பரை வாங்கிவிட்டார்கள், வராந்தாவில் செருப்புச் சத்தமும் பேச்சும் கொஞ்ச நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிட்டது. அக்காவைப் போலக் கண் தெரியாதவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு. அதனால் நான், அக்கா, மேற்பார்வைக்கு வந்த கனகசபை சார் மூன்று பேர் மட்டும் தாவரவியல் லேபில் மிச்சம் இருந்தோம். தனி அறை கேட்டதற்கு இதைத்தான் திறந்துவிட்டார்கள். சுவரோரம் கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் ஏதோ வேர், ஒன்றில் ஏதோ காளான், மஞ்சள் தண்ணீரில் நின்றபடியே தூங்குகின்றன. பார்மலின் வாசனை முதலில் கண்ணைக் கரித்தது, இப்போது கண்ணுக்குள்ளேயே இறங்கிப் படுத்துக்கொண்டுவிட்டது. காலையில் உள்ளே வந்ததும் அக்கா மூக்கை உறிஞ்சி, "என்ன தம்பி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துட்டியா?" என்றாள். "செடிங்கக்கா. பாட்டில்ல போட்டு வச்சிருக்காங்க." "எத்தன வருசமா?" "லேபிள்ல தொண்ணூத்தாறுன்னு இருக்கு." "அப்ப என்னய மாதிரி அதுகளும் அரியர்தான்." கனகசபை சார் சிரித்துவிட்டார், சிரித்திருக்கலாமா என்று யோசித்து உடனே வாயை மூடிக்கொண்டார். எனக்கு அது உவமை என்று ஓடியது. மாதிரி என்ற சொல் வெளிப்படையாக வந்திருக்கிறது, ஆகவே உவமை. 'நான் ஒரு ஜாடிச் செடி' என்று சொல்லியிருந்தால் உருவகம். சொல்லாமலே ஜாடியைப் பற்றி மட்டும் பேசித் தன்னை நினைக்க வைத்திருந்தால் அதற்கு வேறு பெயர், பிறிது மொழிதல். இயற்பியல் இரண்டாம் வருஷம் படிக்கிற எனக்கு இதெல்லாம் எதற்கு.

எதற்கு என்றால், படித்துக் காட்டியதால். சொல்வதை எழுதுபவர் வேறு பாடம் படிப்பவராக இருக்க வேண்டும், பரீட்சை எழுதுகிறவரைவிடக் கீழ் வகுப்பாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நான் பொருந்தினேன். கையெழுத்தும் குண்டுகுண்டாக இருக்கிறதாம், விடுதி வார்டன் சிபாரிசு. எழுத மட்டும்தான் வரச் சொன்னாள். ஆனால் எம்.ஏ. அணியியலுக்கு அவளிடம் காதால் கேட்கிற புத்தகம் இல்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கைடுதான் இருந்தது. நானே படித்து அவள் போனில் பதிவு செய்தேன், பதினோரு நாள், நூலகத்தின் பின்பக்கம் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த நேரத்துக்குத் தூக்கம் வேப்பம்பூ மாதிரி தலையில் உதிர்ந்துகொண்டே இருக்கும். நான் படித்தேனா, படிப்பதாகக் கனாக் கண்டேனா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வேற்றுமை, வஞ்சப்புகழ்ச்சி, மடக்கு, பின்வருநிலை, ஒவ்வொன்றும் ஏதோ தூரத்து ஊர்களின் பெயர் மாதிரி ஒலிக்கும், பஸ் போகும் வழியில் போர்டில் பார்த்து இறங்காமலே கடந்துபோகிற ஊர்கள். ஆனால் அந்த ஊர்களில் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஐயா பெரிய கலெக்டரு, ரெண்டாயிரம் நோட்டுக்குத்தான் சில்லறை கேப்பாரு" என்றபோது, வஞ்சப்புகழ்ச்சி ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. "வயல்ல களை எடுக்காதவன் வீட்டுல நெல்லு எப்பிடி வரும்" என்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னபோது, எங்களுக்கு வயலே கிடையாது, அது பிறிது மொழிதல், என் அரியரைப் பற்றியது. அக்கா அந்தப் பதிவுகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாள். அதனால் என் குரல் அவளுக்கு வேறொரு குரல். "நேர்ல பேசுனா நீ என்னடா இம்புட்டு மெதுவா இருக்க, பேட்டரி தீந்த மாதிரி" என்பாள். நான் மெதுவாகத்தான் பேசுவேன். எங்கள் வீட்டில் கதை சொல்லியே ஆளை வளர்ப்பார்கள், கேட்கிறவன் ம் கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் ராஜா குதிரையில் ஏறின காலோடு அந்தரத்தில் நிற்பான். அந்தப் பழக்கத்தில் இன்று காலை அவள் முதல் வரி சொன்னதும் ம் என்றேன். "ம் கொட்டாத தம்பி. சிக்னல்னு நெனப்பாக" என்று மேசைக்கு அடியில் என் செருப்பை மிதித்தாள்.

சிக்னல் என்பது அவளுக்கு விளையாட்டு வார்த்தை இல்லை. போன வருஷம் இதே தாளுக்கு அவளுக்கு எழுதியவன் தமிழ் படித்தவனாம், பெயரை மாற்றிச் சொல்லி வந்திருக்கிறான், அக்காவுக்கே தெரியாது. பதில்கள் ரொம்ப நன்றாக இருந்ததுதான் வினை. யாரோ கேட்டார்கள், யாரோ விசாரித்தார்கள், தாளை நிறுத்திவைத்தார்கள். ஒரு அறையில் நாலு பேர் உட்கார்ந்து, "சரிம்மா, நீயே எழுதுனதுன்னா இப்ப சொல்லு" என்று கேட்டிருக்கிறார்கள். இவளும் நின்றபடியே சொல்லியிருக்கிறாள், ஒரு கேள்வி விடாமல். சொல்லி முடித்ததும் ஒருவர், "மனப்பாடமா வந்துருக்கா" என்றாராம். இதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் இல்லை, சிரித்தாள், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஒரு தாள்தான் பாக்கி. இது தேறினால் பட்டம், பட்டம் வந்தால் ஜூலையில் பி.எட். சேரலாம், இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். தேறாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. அதனால் முந்தாநாள் என் கையைப் பிடித்து, "நான் சரியாச் சொன்னா சரியா எழுது. தப்பாச் சொன்னா தப்பாவே எழுது. என் தப்பு எனக்கு வேணும், தவசி. நீ திருத்திப் பாஸானா அது பாஸே இல்ல" என்று சத்தியம் வாங்கினாள். சத்தியம் செய்வது சுலபமாக இருந்தது. அவள் தப்புச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை, சொன்னால் எனக்குத் தெரியும் என்றும் நினைக்கவில்லை.

பதினெட்டாவது கேள்வி. அ அல்லது ஆ, இரண்டில் ஒன்று, பதினைந்து மதிப்பெண். தற்குறிப்பேற்ற அணியைச் சான்றுடன் விளக்குக என்பது அ. வாசித்ததும் அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்தது, எதிர்பார்த்த கேள்வி. சொன்னாள், எழுதினேன். இயல்பாக நிகழும் ஒரு நிகழ்ச்சியின் மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிக் கூறுவது தற்குறிப்பேற்றம் ஆகும், முற்றுப்புள்ளி. காற்று அடித்தால் கிளை ஆடும், அது இயல்பு, வராதே என்று கிளை தடுக்கிறது என்பது கவிஞரின் குறிப்பு, முற்றுப்புள்ளி. எழுத எழுத எனக்குச் சுகமாக இருந்தது. என் குரலையே எழுதுவது போல இருந்தது, அவள் நான் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கினாள், நான் இழுத்த இடத்தில் இழுத்தாள், சைக்கிள் நிறுத்துமிடத்து வெயில்கூடத் தாளில் விழுந்தது. சான்றாக, என்றாள், கமா. சான்றாக, நிலவும் இவள் முகமும் குளிர்ச்சியில் ஒன்று, ஆயினும் நிலவு தேயும், இவள் முகம் தேயாது. இவ்வாறு முதலில் ஒப்பிட்டுப் பின் வேறுபடுத்தியமையால் இவ்வணி ஆயிற்று. எழுதிவிட்டேன். பேனா அடுத்த வரிக்குப் போய்விட்டது. மனசு மட்டும் பின்னால் நின்றுவிட்டது, பஸ் கிளம்பியும் இறங்கிய இடத்திலேயே நிற்கிற ஆள் மாதிரி. இதில் குறிப்பு எங்கே ஏறியது? நிலவு என்ன நினைத்தது? ஒன்றும் நினைக்கவில்லை, தேய்ந்தது, அவ்வளவுதான். லேபில் நீளத்தை அளந்து விடையைக் கிலோவில் எழுதிவிட்டு வருகிற பையன்கள் உண்டு. எண் சரியாக இருக்கும், அலகு வேறு ஜாதி. அது போல இருந்தது இது. ஒப்பிட்டுப் பின் வேறுபடுத்துவது வேற்றுமை அணி. அது எனக்கே தெரியும். நான்தானே படித்தேன். நான் படித்தேனா? வேற்றுமைக்கு இலக்கணம் என்ன என்று தேடினேன், என் குரலில் அது இல்லை. பெயர் மட்டும் பாடப் பட்டியலில் படித்தது. இலக்கணம் படித்த ஞாபகமே இல்லை.

அப்போதுதான் கட்டைவிரல் ஞாபகத்துக்கு வந்தது. ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, கைடின் ஓரத்தில் பிசுபிசுப்பு, முன்னே வைத்திருந்தவன் எதையோ சிந்தியிருக்கிறான், சர்பத்தோ ஜிகர்தண்டாவோ, விரலை நக்கிப் பார்த்தேன், இனிப்பாக இருந்தது. நக்கிக்கொண்டே புரட்டினேன். நாற்பத்தைந்து. அடுத்து நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டின் தலையில் நிலவும் இவள் முகமும் என்று இருந்தது, நாற்பத்தைந்தின் அடியில் சான்றாக என்று இருந்தது, இரண்டும் ஒன்றுக்கொன்று கை கொடுத்துக்கொண்டன. என் குரல் தாண்டியது தெரியாமல் தாண்டிப் போய்விட்டது. ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்களுக்குள் தற்குறிப்பேற்றத்தின் சான்றும் வேற்றுமையின் இலக்கணமும் இருட்டில் ஒன்றன்மேல் ஒன்று முகம் வைத்துக் கிடக்கின்றன, இப்போதும், என் பைக்குள், இந்த லேபின் கதவுக்கு வெளியே. அக்கா அதை எத்தனை தடவை கேட்டிருப்பாள். நாற்பது? ஒன்றரை மடங்கு வேகத்தில் பிசகு பிசகாகவே தெரிந்திருக்காது, ஓடுகிற ரயிலில் தண்டவாளத்து இணைப்பு தாளமாகக் கேட்பது மாதிரி. அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள், எழுதிக்கொண்டே இருக்கிறேன், மடக்கணி என்பது, கமா, கை எழுதுகிறது. தப்பாச் சொன்னா தப்பாவே எழுது. சரி அக்கா. ஆனால் இது உன் தப்பு இல்லையே. உன் தப்பு உனக்கு வேண்டும் என்றாய், என் தப்பு உனக்கு எதற்கு? சொல்லிவிடலாம். கனகசபை சார் பொருளாதாரத் துறை, ஜாடிகளுக்கு நடுவே தினசரியை மடித்து வைத்துக் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருக்கிறார். அவரிடமே சொல்லிவிடலாம், சார், இவங்களுக்குப் பாடம் நான்தான் படிச்சுக் காட்டினேன், ரெண்டு பக்கத்த விட்டுட்டேன். அவர் என்ன செய்வார்? கண்ணாடியைக் கழற்றுவார். ஓகோ, பாடம் சொல்லிக் கொடுத்தவனே எழுத வந்திருக்கியா என்பார். மறுபடி அந்த அறை, அந்த நாலு பேர், இப்ப சொல்லும்மா. சொல்லாமல் இருக்கலாம். பதினைந்தில் நாலோ ஐந்தோ போடுவார்கள், இலக்கணத்துக்கு மட்டும். சின்னக் கேள்விகளில் மூன்றை அக்கா காலையிலேயே தெரியாது என்று விட்டுவிட்டாள், இந்தப் பதினைந்தை நம்பித்தான் இருக்கிறாள். மடக்கி வந்த சொல் பொருள் வேறுபட்டு, முற்றுப்புள்ளி. ஜாடிக் காளான் மெல்லத் திரும்புகிறது, திரும்பவில்லை, மின்விசிறியின் நிழல். பார் தவசி, இதுதான் தற்குறிப்பேற்றம், காளான் சும்மா இருக்கிறது, நீ அதன் மேல் உன் பயத்தை ஏற்றுகிறாய். சான்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஒரு கூடை சான்று தெரிகிறது. வாய்க்குள் நாக்கு மஞ்சள் தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது.

"முடிஞ்சது. பதினெட்டை ஒருக்கா படிச்சுக் காட்டு" என்றாள் அக்கா. எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டலாம், விதியில் இடம் உண்டு. கூட ஒரு சொல்லும் ஆகாது, குறைய ஒரு சொல்லும் ஆகாது. கனகசபை சார் குறுக்கெழுத்தை விட்டுவிட்டுப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "படி படி, நானும் கேக்குறேன். எங்க பாடத்துல இப்பிடி நெலா எல்லாம் வராது, பணவீக்கம்தான் வரும்" என்றார். படித்தேன். இயல்பாக நிகழும் ஒரு நிகழ்ச்சியின் மேல். சைக்கிள் நிறுத்துமிடத்தில் படித்த அதே குரலில். அக்கா தலையைச் சற்றே சாய்த்து, இடது காதை என் பக்கம் கொடுத்து, உதடு அசையாமல் கூடவே வந்தாள். அவளுக்கு என் குரல் மனப்பாடம் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. சொற்கள் மட்டும் இல்லை, இருமல், எச்சில், தாள் புரட்டும் சத்தம், எல்லாமே. சான்றாக, என்று படித்தேன். நின்றுவிட்டேன். நிறுத்தினேனா, நின்றுவிட்டதா, எனக்கே தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்வதற்காகவே தெரியாமல் வைத்திருக்கிறேனோ என்னவோ. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. பதிவில் அந்த இடத்தில் மூச்சே கிடையாது, அங்கே நான் தாண்டிப் போனேன். "ஏம்ப்பா, வண்டி நின்னுருச்சு?" என்றார் சார். "எச்சி முழுங்குனேன் சார்." "முழுங்கு முழுங்கு. நெலாவ முழுங்கிறாத." மீதியைப் படித்தேன். நிலவும் இவள் முகமும். என் குரல் தானாகவே கீழே போனது, படியில் இறங்குகிற மாதிரி. படித்து முடித்தபோது அக்காவின் தலை சாய்ந்தபடியே இருந்தது. சாய்ந்த தலை நேரானது. முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் விரல் மட்டும் மேசை விளிம்பில் ஒரு இடத்தைத் தொட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தைத் தொட்டு, நடுவில் இருந்த இடைவெளியைத் தடவியது.

"சார், எம்புட்டு நேரம் இருக்கு?" "இருவத்திரெண்டு நிமிசம்மா." "தம்பி, பதினெட்டு அ, நான் சொன்னது பூராத்தையும் அடிச்சிரு." "பூராவுமாக்கா?" வாயிலிருந்து வந்துவிட்டது. "ஏய், நீ பேசக் கூடாது" என்று சார் நாற்காலியைத் தள்ளி எழுந்தார். "ஏம்மா, நல்லாத்தானே இருந்துச்சு. இலக்கணமாவது இருக்கட்டும், அதுக்கு மார்க்கு வருமில்ல." "என்னுது இல்ல சார் அது" என்றாள் அக்கா. சார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். என் முதுகில் வியர்வை ஒரு எறும்பு போல இறங்கியது. "கைடுல படிச்சது, மனசுல ஒட்டல" என்று அக்கா நிதானமாகச் சொன்னதும், "அதான பாத்தேன், எல்லாரும் கைடுதான்" என்று சலித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேலிருந்து கீழே, குறுக்கே ஒரு கோடு போட்டேன். ஒன்றேகால் பக்கம். சான்றைக் கொடுக்காவிட்டாலும் ஒரு இடைவெளியையாவது கொடுத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன், கோடு போடும்போது அது தெரிந்தது, அந்தச் சந்தோஷத்தின் மேலும் கோடு போனது. என் பிழையை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. என் நிறுத்தத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டையும் மேசையில் என் பக்கமாகவே தள்ளிவிட்டாள். "ஆ எடுக்குறேன். எழுது. பதினெட்டு, ஆ."

ஆ என்பது, உவமை தோன்றும் நான்கு வழிகளாகிய வினை, பயன், மெய், உரு ஆகியவற்றைச் சான்றுடன் விளக்குக. அந்தப் பாடத்தை நான் படிக்கவே இல்லை. படிக்கப்போனபோது, "அது வேணாம், அதுல கலரு வரும், சாய்ஸ்ல விட்டுர்றேன்" என்று அவள்தான் புரட்டச் சொன்னாள். இப்போது அவள் வகுப்பில் கேட்ட நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு நடக்கிறாள், நான் அவளுக்குப் பின்னால் போகிறேன். வினை என்பது செயல், என்றாள். சான்று, ஆவி முட்டிய குக்கர் கத்துவது போல விடுதிக் காப்பாளர் கத்தினார். கனகசபை சார் இருமினார், அது இருமல் இல்லை. பயன் என்பது நன்மை. மழைநாளில் யாரோ வழியில் விரித்துப்போட்ட சாக்கு போல ஒருவர் எனக்கு உதவினார், சாக்கும் அவரும் வழுக்காமல் காத்தமையால். மெய் என்பது வடிவம், அதைக் கையும் அறியும். என் அக்காள் மகனின் காது சோழி போன்றது. எழுதினேன். எதுவும் என் குரலில் இல்லை. இழுப்பு வேறு, மூச்சு வேறு, ஒரு வாக்கியம் எங்கே முடியும் என்று எனக்குத் தெரியாது, அவள் முற்றுப்புள்ளி என்று சொன்ன பிறகுதான் தெரிகிறது. முன்பெல்லாம் கை அவளுக்கு முன்னால் ஓடி நின்று திரும்பிப் பார்க்கும். இப்போது இருட்டில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. "ஏழு நிமிசம்" என்றார் சார், இப்போது மெதுவாக. உரு என்பது நிறம், என்றாள் அக்கா. முற்றுப்புள்ளி. மின்விசிறி சுற்றியது. கோவைப்பழம், பவளம், மேகம் என்று எனக்குள் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றும் தன்னைத் தூக்கிக்கொள்ளச் சொல்லிக் கையை நீட்டியது, பல்லைக் கடித்துக்கொண்டேன், செருப்பைக்கூட அசைக்கவில்லை. "எழுது. நிறத்தை இந்தத் தேர்வை எழுதுபவர் அறியார். முற்றுப்புள்ளி. ஆயினும் கோவைப்பழம் போலச் சிவந்தது என்று ஒருவர் சொல்லும்போது, கமா, போல என்ற இடத்தில் அவர் குரல் தன்னை அறியாமல் வேறு எங்கோ போய்ப் பார்த்துவிட்டு வருகிறது, முற்றுப்புள்ளி. அவர் பார்த்தார் என்பதைக் கேட்பவர் கேட்டுக்கொள்கிறார், முற்றுப்புள்ளி. கேட்பவரிடத்தில் உரு உவமை இவ்வாறே தோன்றும்." எழுதிவிட்டு நிமிர்ந்தேன். இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கத்திலும் இது இல்லை. இதற்கு மார்க் உண்டா, திருத்துகிறவர் பெருக்கல் குறி போடுவாரா, ஜூலையில் அந்த இடத்தில் இவள் உட்காருவாளா, ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கடைசி வரியில் அவள் முற்றுப்புள்ளி என்று சொல்லவில்லை. நானாக வைக்க முடியாது, கேட்கவும் கூடாது. பேனா முனையைத் தாளுக்கு ஒரு நூல் மேலே பிடித்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.